ஜீரோ பாத்துக்கோங்க

(திருவரங்கத்தில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'மின்னணு யுகத்தில் மக்களாட்சி' என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். தேர்தல் வரும்போதெல்லாம் மூட்டை முடிச்சோடு ஏதாவது ஒரு ஊர் வாக்குச்சாவடிக்குப் போய் வந்தவன். எனக்குத் தெரிந்த தலைப்பு சின்னது. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் பம்ப் பக்கத்தில் நிற்கும் பையன் சொல்வானே, "சார், ஜீரோ பாத்துக்கோங்க" என்று. அந்த ஜீரோவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாமும் பார்க்கிறோம், தலையாட்டுகிறோம். எண் ஓடுகிறது, இருநூறில் நிற்கிறது, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். டாங்கிக்குள் விழுந்தது எவ்வளவு என்று யார் பார்த்தது? முன்னால் போனவருடைய கணக்கு நம் தலையில் விழவில்லை, அவ்வளவுதான் ஜீரோ சொல்லும். லிட்டர் லிட்டர்தானா என்று அது சொல்லாது. 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச போலீஸின் சிறப்பு அதிரடிப் படை சில பங்க்குகளில் சோதனை போட்டது. பம்புக்குள் சின்னதாக ஒரு சிப். ரிமோட்டை அமுக்கினால் அளவு குறையும். அங்கேயும் ஜீரோ ஒழுங்காகத்தான் காட்டியிருக்கும். ஜனங்களும் நம்மைப் போலத் தலையாட்டியிருப்பார்கள்.

வாக்குச்சாவடியில் இந்த ஜீரோவுக்குப் பெயர் மாதிரி வாக்குப்பதிவு. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது நீங்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். பொழுது விடியாத நேரம். ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் படுத்து எழுந்த நான்கைந்து ஊழியர்கள். பெஞ்சில் கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள், கையில் டீ டம்ளர். கட்டுப்பாட்டுக் கருவியில் எல்லாருக்கும் ஜீரோ என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட வேண்டும், எல்லாப் பெயருக்கும் மாற்றி மாற்றி. ஒவ்வொரு ஓட்டுக்கும் அந்த நீளமான பீப். குளோஸ் பொத்தான், ரிசல்ட் பொத்தான். எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு கிளியர். ஓட்டைச் சீட்டில் அச்சடிக்கும் விவிபேட் பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். கடைசியாக பச்சைத் தாள் முத்திரையில் ஏஜெண்டுகளின் கையெழுத்து. இத்தனையும் ஏழு மணிக்குள் முடிய வேண்டும்.

நான் கடைசியாகத் தலைமை அலுவலராகப் போனது 2019 ஏப்ரல். அங்கே ஒரு ஏஜெண்ட், வயது இருபத்தைந்து இருக்கும், பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே கேட்டான்: "சார், ஜீரோ சரி. எண்ணிக்கையும் சரி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேடு என் கையில் இருந்தது. அதில் இந்தக் கேள்வி இல்லை. "கவர்மெண்ட் மிஷின்ப்பா" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். இயற்பியல் வாத்தியார் சொல்லக்கூடிய பதிலா அது? அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதிலைத் தேடித்தான் இத்தனை நாள் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் நின்று அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ரங்கராஜனைச் சொல்லாமல் போக முடியாது. உங்களுக்கு அவர் சுஜாதா. இங்கே பாட்டி வீட்டில் வளர்ந்த பையன், பிற்பாடு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரம் அங்கே உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. கதையில் 'ஜீனோ' என்று ஒரு இயந்திர நாயைப் படைத்து அதற்கு மனிதனை மிஞ்சிய புத்தியைக் கொடுத்தார். வேலையில் அவரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து செய்த இயந்திரத்துக்குக் கூட்டத் தெரியும், வேறு எதுவும் தெரியாது.

அந்த அசட்டுத்தனம்தான் அதன் பலம். உங்கள் போன் நேற்று ராத்திரி நீங்கள் தூங்கும்போது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். காலையில் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கியிருப்பீர்கள், எதற்குச் சம்மதம் என்று தெரியாமலே. இந்த இயந்திரத்துக்கு இணையம் கிடையாது, வைஃபை கிடையாது, புதுப்பிப்பு கிடையாது. நிரல் சிப்பில் ஒரே தடவை எழுதப்படுவது. முக்கியமாக, எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்று செய்கிறவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தொகுதியிலும் வேட்பாளர் பட்டியல் அகர வரிசையில் வருகிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், சுயேச்சைகள் கடைசியில். பெயர் 'அ'வில் தொடங்கினால் மேலே, 'வே'யில் தொடங்கினால் கீழே. தொழிற்சாலையில் உட்கார்ந்து மூன்றாவது பொத்தானுக்கு ஓட்டைத் திருப்பினால், அது எந்த ஊரில் யாருக்குப் போய்ச் சேரும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

முதலில் இது களத்துக்குப் போனது கேரளத்தில், 1982 மே மாதம், பரூர் சட்டமன்றத் தொகுதியில். அவை ஹைதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனம் செய்தவை, 84 சாவடிகளில் 50-இல் வைத்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை, காங்கிரஸின் ஏ.சி. ஜோஸ். இயந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போனவர் சிவன் பிள்ளை. ஓட்டு எண்ணினால் அவரே 123 ஓட்டில் ஜெயித்துவிட்டார். இப்போது ஜோஸ் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரம் என்று இல்லையே என்பது வாதம். 1984-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த 50 சாவடிகளில் மட்டும் சீட்டுப் போட்டு மறுவாக்குப்பதிவு, ஜோஸ் ஜெயித்தார். அப்புறம் 1989-இல் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள். 2001-இல் தமிழ்நாடு முழுக்க வந்தது, 2004-இல் நாடு முழுக்க.

அந்த 2001 தேர்தலுக்கு முன் அ.தி.மு.க. இயந்திரத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனது, தோற்றது, தேர்தலில் ஜெயித்தது. 2009-இல் தோற்ற பிறகு அத்வானி சந்தேகம் எழுப்பினார். இப்போது காங்கிரஸின் முறை. இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. ஜெயித்தவன் எதற்குக் கணக்குக் கேட்கப்போகிறான்? தோற்றவன் கேட்பதற்குத்தான் கணக்கே. பெஞ்சில் ஏஜெண்டை உட்கார வைப்பதே அதற்காகத்தான்.

பழைய வாக்குச்சீட்டே தேவலை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996-இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் கோபம் அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. சரி, அது ஒரு விசித்திரம். ஆனால் சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்துவது விசித்திரமில்லை, வடக்கே பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இயந்திரம் நிமிஷத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் வாங்காது. முரடன் வந்து அமுக்கினாலும் அதே வேகம்தான், அதற்குள் அலுவலர் குளோஸ் பொத்தானை அமுக்கிவிடலாம். பழைய பெட்டிக்குத் திரும்பிப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பையனுடைய கேள்வி அப்படியே நிற்கிறது. ஐம்பது ஓட்டுப் போட்டுப் பார்த்தோமே, அது போதாதா?

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் கார்கள் மாட்டிக்கொண்ட கதை ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் டீசல் கார்கள். புகைப் பரிசோதனையில் வைத்தால் உத்தமமாக நடந்துகொள்ளும். சாலையில் இறங்கினால் அளவுக்குப் பல மடங்கு புகை கக்கும். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் திரும்பவில்லை, ஆகவே இது பரிசோதனைக் கூடம் என்று காரின் மென்பொருளே கண்டுபிடித்துக்கொண்டது. கள்ளப் பையன் வாத்தியார் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை விரிக்கிற மாதிரி. விடியற்காலை, ஐம்பது ஓட்டு, உடனே குளோஸ், ரிசல்ட், கிளியர். இது பரிசோதனை என்று கண்டுபிடிக்க ஒரு நிரலுக்கு எவ்வளவு நேரமாகும்? நம் இயந்திரம் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை, யாரும் நிரூபித்ததும் இல்லை. பரிசோதனையில் பாஸ் ஆனதை வைத்து முழு நாளுக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது என்கிறேன்.

ஹாலந்தில் நடந்தது இதைவிட ருசியான கதை. அங்கே நெடாப் என்ற இயந்திரம். இது ஓட்டுப் போட மட்டுமே செய்தது, வேறு எதுவும் இதனால் ஆகாது என்றார்கள். 2006-இல் ராப் கோங்ரைப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு இயந்திரத்தை வாங்கி, உள்ளே நிரலை மாற்றி, அதைச் சதுரங்கம் ஆட வைத்தார்கள். அதோடு விடவில்லை. அங்கே ஒரு பெரிய கட்சியின் பெயரில் ஒரு எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு போட்ட எழுத்து திரையில் வரும்போது திரையின் துடிப்பு லேசாக மாறும். வெளியே ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டால், உள்ளே இருப்பவர் அந்தக் கட்சிக்குப் போட்டாரா என்று சொல்லிவிடலாம். நம் எழுத்துகளுக்கு எத்தனை கொம்பு, எத்தனை புள்ளி! 2008-இல் ஹாலந்து காகிதத்துக்கே திரும்பியது. அயர்லாந்து அதே நெடாப்பை ஐந்து கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கி, மூன்று தொகுதிகளில் சோதனை பார்த்து, கிடங்கில் பூட்டி வைத்து, 2012-இல் பழைய இரும்புக் கணக்கில் தள்ளிவிட்டது.

ஜெர்மனியில் இதற்குத் தீர்ப்பே வந்தது. ஒரு தகப்பனும் பிள்ளையும் வழக்குப் போட்டார்கள். தகப்பன் அரசியல் விஞ்ஞானி, பிள்ளை இயற்பியல்காரர் (நம்ம ஆள்). 2005 தேர்தலில் அந்த இயந்திரம் மோசடி செய்ததாக அவர்கள் சொல்லவில்லை. 2009 மார்ச்சில் கார்ல்ஸ்ரூ அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ஓட்டுப் போடுவது, எண்ணுவது இரண்டின் முக்கியமான படிகளையும், தனித் தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும், முடியாவிட்டால் அந்த இயந்திரம் ஆகாது. நிபுணர் குழு பார்த்துச் சரி என்று சொன்னதை அது போதுமானதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பெஞ்சு ஏஜெண்ட் பையன் கேட்டதைத்தான் எட்டு நீதிபதிகள் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

அதே கோங்ரைப், மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மன், ஹைதராபாத் ஹரி பிரசாத் ஆகியோர் சேர்ந்து 2010-இல் நம் இயந்திரத்தைப் பிரித்துக் காட்டினார்கள். எண் காட்டும் பலகையைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு அதேபோல இருக்கும் வேறொன்றைப் பொருத்தினால், போனிலிருந்து முடிவை மாற்றலாம் என்றார்கள். இயந்திரத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் பிரிக்க யார் விடுவார்கள் என்று தேர்தல் ஆணையம் கேட்டது, நியாயமான கேள்வி. ஆனால் அந்த இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்களே, அது நியாயமில்லை. ஓட்டை இருக்கிறது என்று காட்ட வந்தவனைப் பிடித்தால் ஓட்டை அடைபடாது.

இந்த இடத்தில், கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கேட்கப்போவது தெரியும்: "ஐயா, போனில் லட்ச ரூபாய் அனுப்புகிறோம், ஓட்டை ஏன் அனுப்பக்கூடாது?" தம்பி, பணம் அனுப்பினால் உனக்கும் எஸ்.எம்.எஸ். வரும், வாங்கினவனுக்கும் வரும். தப்பாகப் போனால் பெயரைச் சொல்லித் தேடலாம். ஓட்டில் உன் பெயரைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எண்ணவே தொடங்குகிறோம். எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள், 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் அப்படித்தான் விழுந்தது. யாராவது மிரட்டிப் போட வைத்தால் பிறகு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கடைசியாகப் போட்டது கணக்கு. நம் ஊரில்? பணம் பாய்ந்ததால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். கவர் கொடுத்தவன் இன்றைக்கு மறைப்பு அட்டைக்கு வெளியே நிற்கிறான். போனில் ஓட்டு என்றால் உன் திண்ணையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கொள்வான்.

சரி, விவிபேட்டுக்கு வருவோம். சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று வேண்டும் என்றது. பொத்தானை அமுக்கினால் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் ஏழு விநாடி தெரியும்; பிறகு சீட்டு அறுந்து உள்ளே விழும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆத்தா ஒருத்தி பெயரை முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும், அது வேறு கதை. நல்ல ஏற்பாடு. ஆனால் சின்னத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்குச் சின்னம் தெரிந்திருக்க வேண்டுமே. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு லேப்டாப்பிலிருந்து ஒரு கருவி வழியாக அதில் ஏற்றுகிறார்கள். ஒன்றும் தெரியாத அசடு என்று சற்றுமுன் புகழ்ந்தேனே, அந்தத் தொகுப்பில் ஒரு உறுப்புக்கு இப்போது எந்தப் பொத்தான் யாருடையது என்று தெரியும். சீட்டு அடிக்கிற பெட்டி கொஞ்சம் புத்திசாலி ஆகிவிட்டதென்றால், விழுந்த சீட்டை எண்ணித்தான் அதை நம்ப வேண்டும்.

எண்ணுகிறோமா? ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடி, குலுக்கல் முறையில். கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. இதுவரை நான்கு கோடிச் சீட்டுக்கு மேல் ஒப்பிட்டாயிற்று, ஓட்டு மாறிப் போனதாக ஒன்றுகூட இல்லை என்று நீதிமன்றத்தில் ஆணையம் சொன்னது. பொருந்தாமல் போன ஒரே இடம் ஆந்திராவில், 2019-இல் என்றது. மாதிரி வாக்குப்பதிவை அழிக்க மறந்துவிட்டார்களாம். நான் அதை நம்புகிறேன். தூக்கக் கலக்கத்தில் கிளியர் பொத்தானை மறப்பது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். இவ்வளவு நன்றாகப் பொருந்துகிற கணக்கை இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுவதில் என்ன தயக்கம்?

2019-இல் பாதி இயந்திரங்களின் சீட்டை எண்ணச் சொன்னபோது, முடிவு ஐந்து நாளுக்கு மேல் தள்ளிப்போகும் என்றார்கள். 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்வு முழு எண்ணிக்கைக் கோரிக்கையைத் தள்ளியது. அதே 2024-இல் நாம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. நாற்பத்தாறு நாள் தமிழ்நாட்டு ஓட்டு இரும்புக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அத்தனை கட்சிக்காரர்களும் வாசலில் பந்தல் போட்டுக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டி வைக்க நாற்பத்தாறு நாள் இருக்கிறது, எண்ணிப் பார்க்க ஐந்து நாள் இல்லை! எல்லாத் தொகுதியிலும் வேண்டாம், வித்தியாசம் குறைவாக இருக்கும் தொகுதிகளிலாவது அத்தனைச் சீட்டையும் கொட்டி எண்ணலாம். அந்தத் தீர்ப்பு இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்களுக்கு ஒரு வழி விட்டது, நூற்றுக்கு ஐந்து இயந்திரத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம்? 2024-இல் ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. சந்தேகத்துக்கும் வரி.

வாக்காளருக்கு அதைவிட விசேஷம். நான் அமுக்கியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்று நீங்கள் சொன்னால், 49எம்.ஏ. என்ற விதிப்படி எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜெண்டுகள் முன்னால் இன்னொரு ஓட்டுப் போடச் சொல்வார்கள். அது சரியாக விழுந்தால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகும்; ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது ஓட்டு சரியாக விழுந்தது முதல் ஓட்டைப் பற்றி என்ன சொல்லும்? பத்தாம் வகுப்பில் இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்தால் நான் மார்க் போட மாட்டேன். அந்த எச்சரிக்கையை நானே ஒருவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பாதி வாசிக்கும்போதே அவர் "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு மை வைத்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

பெட்ரோல் பங்க்குக்குத் திரும்புகிறேன். எல்லா பங்க்கிலும் ஐந்து லிட்டர் அளவுக் கேன் ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். எடை அளவுத் துறை முத்திரை போட்டது. நீங்கள் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி கூடலாம், குறையலாம், அதற்கு மேல் ஆகாது. போன மாதம் இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும்போது, அறுபத்து மூன்று வயதில், முதல் தடவையாகக் கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். உள்ளே போய் மேனேஜரிடம் சொல்லி, மேஜைக்கு அடியிலிருந்து கேனை எடுத்து வந்தான். தூசியைத் துணியால் துடைத்து, முத்திரையைக் காட்டி, ஜீரோ காட்டி, பிடித்தான். எனக்குப் பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. கேனின் கழுத்தில் இருந்த கோட்டில் வந்து மட்டம் நின்றது. குனிந்து பார்த்தேன். ஹாரன் அடித்தவர்களில் ஒருவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து அவரும் குனிந்து பார்த்தார். பையன் முகத்தில் ஒரு சிரிப்பு. "நானே இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்" என்றான்.